உப்புச் சாடியில் வைத்த தங்கம்

எங்கள் வீட்டில் எந்த முடிவாக இருந்தாலும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் எடுப்போம். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை வரும். சபையில் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லக் கூப்பிட்டால் முதலில் இதைத்தான் எடுத்துவிடுவார். முறை இதுதான். காலையில் காபிக்கு முன்னால் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக முழங்கால் போடுவோம். கண்ணை மூடி, சத்தம் வராமல், அவரவர் பாட்டுக்கு ஜெபம் செய்வோம். எழுந்ததும் ஆண்டவர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். இரண்டும் ஒத்துப்போனால் அதுதான் முடிவு. ஒத்துப்போகாவிட்டால் மறுநாளும் முழங்கால் போட வேண்டும்.

ஆண்டவர் எப்போதும் அவர் பக்கம்தான் பேசினார். ஸ்கூட்டர் வாங்கியது, மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, சமையலறைத் தரைக்கு என்ன கல் போடுவது, எல்லாவற்றிலும் கர்த்தருடைய சித்தமும் அவருடைய சித்தமும் ஒன்றாகவே இருந்தன. எனக்கு வேறு மாதிரித் தோன்றினால் மறுநாளும், அதற்கு மறுநாளும் முழங்கால் போடுவோம். கடைசியில் "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுவேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும். நான் கணக்கு டீச்சர். முதல் பீரியட் எப்போதும் எனக்குத்தான்.

நாங்கள் நகை அணியாத சபை. பிறந்தபோது அப்படி இல்லை. நாசரேத்துப் பக்கம் எங்கள் வீட்டில் காது குத்தி, சங்கிலி போட்டு, வளையல் குலுங்க வளர்ந்தவள்தான் நான். அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலையில் இருந்தார். ஒருநாள் கிரேன் கம்பி அறுந்து விழுந்ததில் பக்கத்தில் நின்றவருக்குக் கால் போயிற்று. இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து இந்தச் சபைக்குப் போக ஆரம்பித்தார். பின்னாலேயே நானும் போனேன். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் இருவரும் நகையைக் கழற்றினோம். அவர் கழற்றியது ஒரு மோதிரம். நான் காது, கழுத்து, கை, கால் எல்லாவற்றையும் கழற்றினேன். தாலியையும்தான். எங்கள் அப்பா பனங்காட்டை விற்றுப் போட்ட நகை அது.

அதை என்ன செய்வது என்று முழங்கால் போட்டோம். மனை வாங்கச் சொல்லி ஆண்டவர் அவரிடம் பேசினார். அவர் பெயரில் வாங்கினோம். இப்போது குடியிருக்கும் வீடு அதில் கட்டியதுதான். என்னைப் பார்த்துச் சபையில் உள்ளவர்கள், "டீச்சர் எல்லாத்தையும் வெறுத்துட்டாங்க" என்று மெச்சினார்கள். நான் எதையும் வெறுக்கவில்லை. கழற்றி வைத்தேன், அவ்வளவுதான். வெறும் காதோடு வகுப்பில் போய் நின்ற முதல் நாள் ஒரு பிள்ளை, "டீச்சர், உங்க வீட்ல யாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுப் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தங்கம் திரும்பவும் எங்கள் பேச்சில் வந்தது.

அவர் ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதும் ஏற்கெனவே பேங்கிலும் போஸ்ட் ஆபீசிலும் கிடந்தது. எனக்கு வந்ததையும் அங்கேயே போட்டுவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார். நான் சம்மதிக்கவில்லை. அதற்குக் காரணம் என்னோடு வேலை பார்த்த தமிழ் டீச்சர். ஓய்வு பெற்றதும் வந்ததையெல்லாம் மகன் வீடு கட்டக் கொடுத்துவிட்டு, மாத்திரைக்கு அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் புரை விழுந்தபோது மகன் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தடித்தான். கையில் கிடந்த வளையலைக் கொண்டுபோய் பேங்கில் அடகு வைத்து, ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய் ஆபரேஷன் செய்துகொண்டாள். அவளைப் பார்க்கப் போனபோது பச்சைத் துணி கட்டின கண்ணோடு என்னிடம் சொன்னாள்: "டீச்சர், இந்த வளையல் யார்கிட்டயும் கேக்க விடாம என்னைக் காப்பாத்திட்டு."

எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன. கரும்பலகைக்கு முன்னால் நின்றே தேய்ந்தது பாதி, கட்டிலுக்குப் பக்கத்தில் தேய்ந்தது மீதி. மாற்றித்தான் ஆக வேண்டும், இன்றைக்கில்லாவிட்டாலும் சீக்கிரம் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பணத்துக்கு மகளிடமோ வரப்போகிற மருமகனிடமோ நான் போய் நிற்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"நகை போடக்கூடாதுன்னுதானே சபையில சொல்லுதாங்க. வச்சிருக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றேன்.

அவர் உடனே மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம் அதே பேச்சுதான். அவருக்குத் தங்கப் பத்திரம் பிடித்திருந்தது. களவு போகாது, செய்கூலி கிடையாது, போனிலேயே விலை பார்க்கலாம் என்றார். அவசரத்துக்குப் போனை நீட்டினால் எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள் என்று கேட்டேன். கையில் இருக்க வேண்டும், எடுத்தால் அன்றைக்கே காசாக வேண்டும் என்றேன். நகையாக வாங்கினால் சேதாரத்திலேயே பாதி போகும், அதைப் போடவும் முடியாது. அதனால் காயின். பணம் முழுவதையும் இதில் போடக் கூடாது, மூன்றில் ஒரு பங்கு போதும், மீதி வட்டிக்குக் கிடக்கட்டும் என்று நானே சொன்னேன். இரண்டு நிபந்தனையும் போட்டேன். இது நம் இருவருடைய பிற்காலத்துக்கு மட்டும், பிள்ளைக்குக் கிடையாது. இருவரும் சம்மதித்தால்தான் வெளியே எடுப்பது.

மறுநாள் முழங்கால் போட்டோம். எழுந்ததும் அவர் சொன்னார்: "என்கிட்ட ஆண்டவர் ஒண்ணும் பேசல ஏளா. ஒனக்கு என்ன சொன்னாரோ அதையே செய்வோம்."

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கல்யாணமான புதிதில்கூட அப்படி இருந்ததில்லை. காபியில் சீனி கூடப் போட்டுக் கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை வியாதி.

வாங்குவதற்குத் தூத்துக்குடியில் கடைக்கா பஞ்சம்? ஆனால் இங்கே எந்த நகைக்கடைப் படியில் ஏறினாலும் சபைக்காரர் ஒருவர் கண்ணில் படாமல் இறங்க முடியாது. அதனால் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனோம். நகைக்கடையில் வெறும் கழுத்தோடு ஒரு பொம்பிளை நுழைந்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். விற்கிற பிள்ளை என் காதையும் கழுத்தையும் பார்த்துவிட்டு, கவரிங் வாங்க வந்தவள் என்று நினைத்தாளோ என்னவோ, பக்கத்துக் கடையைக் கை காட்டினாள். காயின் என்றதும்தான் ஸ்டூல் வந்தது. பிளாஸ்டிக் அட்டைக்குள் ஒட்டிய காயின்களை டிபன் டப்பாவுக்குள் வைத்து, மேலே பழைய துண்டைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உப்பளம் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்ததும்தான் மூச்சு வந்தது.

எங்கே வைப்பது? லாக்கர் எடுக்கலாம் என்றேன். இருவர் பெயரிலும் எடுத்தால் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் திறக்க முடியும்படி எழுதிவைக்கலாம் என்று விசாரித்தும் வைத்திருந்தேன். ஆனால் அந்த பேங்கில் லாக்கர் சாவி கொடுக்கிறவர் எங்கள் சபைப் பாட்டுக் குழுவில் இருந்தார்.

"நகை போடாத வீட்டுக்கு என்னத்துக்கு லாக்கர்னு கேக்க மாட்டானா? ஞாயித்துக்கிழமை பூரா சபைக்கும் தெரிஞ்சிரும்" என்றார் இவர். "நம்ம வீட்ல ஒரு குண்டுமணி கிடையாதுன்னு ஊருக்கே தெரியும். கள்ளன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பானா? நம்ம வீடுதாம்ளா லாக்கர்."

நானும் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். கணக்கு டீச்சர். எல்லாக் கணக்கையும் போட்டவள் இதை மட்டும் போடாமல் விட்டேன். வீட்டையே லாக்கராக நினைப்பது நகை போடாத எங்கள் கூட்டத்துக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. அடுப்படியில் கல் உப்பு போட்டு வைக்கிற பெரிய சாடி ஒன்று உண்டு. உப்பளத்துக்காரர் ஒருவர் வருடத்துக்கு ஒரு மூட்டை கொடுத்துவிடுவார். இந்த ஊர் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே பொடிப் பொடியாக உதிரும், தங்கத்தை மட்டும் ஒன்றும் செய்யாது. சாடிக்கு அடியில் காயின்களை வைத்து மேலே உப்பைக் கொட்டினேன். தினமும் குழம்புக்கு உப்பு எடுக்கும்போது, இதற்குக் கீழே என் முழங்கால் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பே ஒரு தெம்பாக இருந்தது.

பிறகு மகளுக்கு வரன் வந்தது.

சென்னையில் வேலை பார்க்கிறாள். பாஸ்டர் வழியாக வந்த இடம், எங்கள் சபைதான். பையனும் சென்னையில்தான் இருக்கிறான், பார்க்கவும் பேசவும் நல்ல பிள்ளை. மகளுக்குப் பிடித்துவிட்டது. பேச வந்த அன்று பையனின் அப்பா சோபாவில் சாய்ந்துகொண்டு, "பிரதர், எங்களுக்கு நகை ஒரு பொட்டு வேண்டாம். ஊரு முன்னால நம்ம சாட்சி கெட்டுறக் கூடாதுல்லா" என்றார். அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த நான் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பஜ்ஜியைக் கொண்டுவந்து வைத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே மேலே பேசினார்: "ஆனா பிள்ளைக்குச் செய்ய வேண்டியதச் செய்யாமலா விடுவீங்க? காயினாக் குடுத்துருங்க. நகைதான் நமக்கு ஆகாது, காயின் ஆகும்லா. பிள்ளைகளுக்குப் பின்னால ஒதவும்."

மனை கேட்டிருக்கலாம், கார் கேட்டிருக்கலாம், ரொக்கம் கேட்டிருக்கலாம். எங்கள் ஆட்களில் அப்படித்தான் கேட்பார்கள். இவர் ஏன் காயின் என்று கேட்கிறார்? நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சட்னி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும், "ஜெபிச்சு முடிவு பண்ணுவோம்" என்றார்.

மறுநாள் காலை முழங்கால் போட்டோம். கட்டில் சட்டத்தைப் பிடித்து இறங்கவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று. வலி உயிர் போயிற்று. ஆண்டவரே, இதை மட்டும் விட்டுவிடும்படி இவரிடம் சொல்லும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேற்கொண்டு தாங்க முடியாமல் காலை மாற்றி வைக்கலாம் என்று கண்ணைத் திறந்தேன்.

அவர் கண் திறந்தே இருந்தது. கைகளைக் கட்டிலின் மேல் கட்டிக்கொண்டு, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வரட்டும் என்று காத்திருப்பவரின் முகம். உதடு அசையவில்லை. நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்திருக்கிறார். என் கண்ணும் திறந்திருப்பதைக் கண்டதும் சட்டென்று இமையை மூடி, "ஆமென்" என்றார்.

ஒரு நாள் நடந்ததாக இருந்தால் அசதி என்று விட்டுவிடலாம். அந்த முகத்தில் பழக்கம் தெரிந்தது. எத்தனை வருடமாக இந்தக் கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இப்படி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? என் நகையை விற்ற அன்றும் இப்படித்தானா? நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அழுது, எனக்குத் தோன்றுவது பாவமோ என்று பயந்து, என்னையே தோற்கடித்துக்கொண்டு எழுந்த அத்தனை காலைகளிலும் இவர் சும்மா காத்துக்கொண்டு இருந்தாரா?

"குடுத்துருன்னுதான் ஆண்டவர் சொல்லுதாரு" என்றார்.

"எப்பச் சொன்னாரு? கண்ணத் தொறந்து வச்சிருக்கும்போதா?"

அவர் கட்டிலில் கையை ஊன்றி எழுந்து வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"காயின் இருக்குன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

"பாஸ்டர்ட்ட ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நல்ல எடம் ஏளா. எல்லாரும் போட்டி போடுத எடம். ஒண்ணும் இல்லாத வீடுன்னு நெனச்சுப் போயிட்டா என்ன செய்ய?"

"வாங்கும்போது நிபந்தனை போட்டோம்லா. நமக்கு மட்டும்னு."

"பிள்ளைய விட நமக்கு என்னளா பிற்காலம்?" என்றார்.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. ஆண்டவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை, உன் இஷ்டம் என்று அன்றைக்கு அவர் விட்டுக்கொடுத்தாரே, அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. தங்கம் எங்கே போகும் என்பது வாங்கும்போதே அவருக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு என்று கேட்டால் என் பணத்தை எடுக்க விட மாட்டேன் என்பதும் தெரியும். பிற்காலம் என்று நான் ஆசையாகச் சேர்த்ததைச் சீர் என்று அவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் முழங்கால் போட மாட்டேன் என்றும் சொன்னேன். மகள் முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாள். அவளிடம் நேரடியாகச் சொன்னேன், இது என் காலுக்கு வைத்திருப்பது என்று. அவள் கெட்ட பிள்ளை இல்லை. "ஆபரேஷனுக்கு நான் பாத்துக்கிடுதேம்மா" என்றாள். இதைத்தான் நான் கேட்கக் கூடாது என்றிருந்தேன் என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது? "நீங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு முடிவு எடுங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நிச்சயத்தன்று வீடு நிறைய ஆட்கள். பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் இவர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் டீச்சரும் ஜெபிச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கோம். பிள்ளைகளுக்குக் காயினாச் செய்யுதோம்" என்றார். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். மகள் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. நான் எழுந்து இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம். அந்தப் பயத்தை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"எடுத்துட்டு வாளா" என்றார் இவர்.

அடுப்படிக்குப் போய்ச் சாடிக்குள் முழங்கைவரை கையை விட்டேன். காலையில் தேங்காய் துருவும்போது விரலில் கீறியிருந்தது. உப்பு பட்டுத் தீயாய் எரிந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையில் உப்பைத் துடைத்து, தட்டில் அடுக்கினேன். லாக்கராக இருந்திருந்தால் என் கையெழுத்து வேண்டும், போட மாட்டேன் என்று அங்கேயே நின்றிருப்பேன். உப்புச் சாடிக்கு என் கை போதும்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. ஒரு பவுன் நகை இல்லாமல், வரதட்சணை இல்லாமல் நடந்த சாட்சியுள்ள கல்யாணம் என்று பாஸ்டர் மேடையில் சொன்னார். கூட்டத்தோடு நானும் கை தட்டினேன். காயின்கள் சம்பந்தியின் பெயரில் லாக்கரில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர்களுக்கு லாக்கர் எடுக்கக் கூச்சமில்லை.

இப்போது என்னால் முழங்கால் போட முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபம். ஆபரேஷனைப் பற்றி மகள் போனில் கேட்பாள். மாப்பிள்ளைக்கு போனஸ் வரட்டும், அடுத்த மாதம் பார்ப்போம் என்பாள். சரி என்பேன். இவர் காலையில் பேப்பரைப் பிரித்ததும் தங்கத்தின் விலையை எனக்கு வாசித்துக் காட்டுவார், பழக்க தோஷம். கூடியிருக்கிறது என்பார். அவரோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மன்னிக்கவில்லை.

போன வாரம் மகள் கூப்பிட்டாள். குரலில் ஒரே உற்சாகம்.

"அம்மா, நாங்களும் பிற்காலத்துக்குன்னு இப்பமே சேர்க்க ஆரம்பிக்கப் போறோம். என் சம்பளத்துலயிருந்து மாசாமாசம் கொஞ்சம் தங்கத்துல போடலாம்னு அவங்க சொல்லுதாங்க. வாங்குதத அவங்க அப்பாட்ட குடுத்து வைக்கணும்னு சொல்லுதாங்க, அதுதான் எனக்கு யோசனையா இருக்கு. நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபிச்சு முடிவு எடுக்கப் போறோம். அப்பாவும் நீங்களும் செய்யுத மாதிரியே."

முன்னறையில் இவர் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"செய்யிளா" என்றேன். "நல்லா ஜெபம் பண்ணு. ஆனா கண்ண மட்டும் மூடிராத."